காரைச் சுற்றி வந்த நாற்பது நிமிடம்

ஏகாம்பரம் போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் ஒரு கிரயப் பத்திரத்துக்கு நான்கெல்லை எழுதிக்கொண்டிருந்தேன். ஸ்டாம்ப் விற்கும் மணிதான் போனில் சொன்னான். "தாமுண்ணா, ஏகாம்பரம் சார் பூட்டாரு. மூணு மணி இருக்கும். வூட்லதான் வெச்சிகினு கீறாங்கோ." என் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை "தொலையட்டும்". எதிரே உட்கார்ந்திருந்த சாலவாக்கத்து விவசாயி திடுக்கிட்டு, "யாருங்க?" என்றார். "பக்கத்து மேஜை" என்றேன். அவர் அந்தக் காலி நாற்காலியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தன் பட்டாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

நம் பத்திர எழுத்தர்கள் போடும் நினைவு மலருக்கு என்னைத்தான் எழுதச் சொல்கிறீர்கள். இருபத்தாறு வருஷம் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவன் நான்தானாம். நல்லதாக நாலு வார்த்தை எழுதுங்கள் என்றார் நம் சங்கத் தலைவர். அந்த மனுஷன் இரண்டு மாதம் படுத்த படுக்கையாகக் கிடந்தார். அவர் வீடு என் வீட்டிலிருந்து மூன்றாவது தெரு. நான் ஒருநாள்கூடப் போய் எட்டிப் பார்க்கவில்லை. இதைத் தெரிந்துகொண்டு என்னிடம் கேட்டிருந்தால் உங்களுக்குத் துணிச்சல் அதிகம். தெரியாமல் கேட்டிருந்தால், இப்போது தெரிந்துகொள்ளுங்கள்.

உத்திரமேரூரில் ஏகாம்பரத்தைப் பத்திரம் எழுதுகிறவராகத் தெரிந்தவர்களைவிட, கார் எடுத்துக் கொடுப்பவராகத் தெரிந்தவர்கள்தான் அதிகம். கல்யாணம், வளைகாப்பு, காது குத்து என்று எதற்கு எடுத்தாலும், டிரைவர் இல்லாமல் நாமே ஓட்டிப்போகும் வாடகைக் கார் ஒன்று எடுப்பது நம் ஊரில் வழக்கமாகிவிட்டது. எடுக்கப் போகிறவர்கள் முதலில் ஏகாம்பரத்தின் மேஜைக்கு வருவார்கள். அவர் பேனாவை மூடிப் பையில் செருகிக்கொண்டு கூடவே கிளம்பிவிடுவார். இதற்காக யாரிடமும் ஒரு டீகூட வாங்கிக் குடித்ததில்லை.

போனதும் காரைப் பார்க்க மாட்டார், போனில் புக் செய்யும் பக்கத்தைத்தான் பார்ப்பார். "மேல போட்டிருக்கறது வாடகை. கீழ போய்ப் பாரு, அங்கதான் கொள்ளை" என்பார். கீழே போனால் உண்மையிலேயே இருக்கும். சேதப் பாதுகாப்பு, டயர் பாதுகாப்பு, வழியில் நின்றுபோனால் உதவி என்று வரிசையாக, நாம் கேட்காமலே டிக் அடித்து வைத்திருப்பார்கள். ஒவ்வொன்றாக எடுத்துவிடுவார். "வண்டிக்கு இன்சூரன்ஸ் ஏற்கெனவே கீது. அந்தப் பேப்பரக் காட்டச் சொல்லு, படிச்சிட்டு அப்புறம் பேசலாம். இவன் விக்கறது உன் பயத்த. அத நீயே வெச்சிக்கோ" என்பார். பிறகு போனில் வீடியோவைப் போட்டுக்கொண்டு காரைச் சுற்றி வருவார். அதிலும் பத்திர பாஷைதான். "மேற்படி வாகனத்தின் கிழக்கே, முன்கதவில், நான்கு விரக்கடை நீளத்துக்குக் கீறல் ஒன்று. வடக்கே, பின்விளக்கின் கீழ், பழைய நசுங்கல் ஒன்று." கார் எந்தப் பக்கம் திரும்பி நின்றாலும் அவருக்குத் திசை தப்பாது. பெட்ரோல் முள், ஓடிய கிலோமீட்டர், ஸ்டெப்னி டயர் எல்லாம் அதில் பதிவாகும். கார்க்காரர் தலையில் அடித்துக்கொள்வார்.

திருப்பி விடும்போதும் கூடவே நிற்பார். பக்கத்துப் பெட்ரோல் பங்கில் எண்ணெய் போட்ட பில், சுங்கச்சாவடியில் கழிந்த கணக்கு இரண்டும் கையில் இருக்கும். பகல் வெளிச்சத்தில் காட்டி, 'சேதம் இல்லை' என்று எழுத்தில் வாங்காமல் நகர மாட்டார். ஒருமுறை கார் எடுத்துப் பெண் பார்க்கப் போனவர்களின் குழந்தை பின்சீட்டில் வாந்தி எடுத்துவிட்டது. சுத்தம் செய்ய ஆயிரம் ரூபாய் கேட்பார்கள் என்று அவர்கள் பயந்து நின்றார்கள். ஏகாம்பரம் பஸ் ஸ்டாண்டு ஓரமாகக் காரை நிறுத்தச் சொல்லி, வேட்டியை மடித்துக் கட்டி, ஷாம்பு பாக்கெட்டைப் பிய்த்து, அந்த வாந்தியைத் தன் கையால் தேய்த்துக் கழுவினார். நாங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வேடிக்கை பார்த்தோம். முழுசாக ஒரு மணிநேரம் ஆனது.

ஈரம் இல்லாத மனுஷன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கார் வாடகைக்கு விடும் இடத்தில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, விதி தெரியாமல், பாதுகாப்புக் கட்டணம் கட்டாயம் என்று சொல்லிவிட்டாள். எந்த விதியில் இருக்கிறது, வாசித்துக் காட்டு என்றார். அவள் திக்கித் திக்கி இங்கிலீஷில் வாசிக்க, இவர் ஒவ்வொரு வரிக்கும் அர்த்தம் கேட்டார். ஆறாவது வரியில் அவள் அழுதுவிட்டாள். "மேல வாசிம்மா, அழுதுகினே வாசி" என்றார். வெளியே வந்ததும், ஒரு சின்னப் பெண்ணை இப்படிப் படுத்த வேண்டுமா என்று கேட்டேன். "அவ இன்னிக்கு வூட்டுக்குப் போயி முழுசாப் படிப்பா. நாளைக்கு யாரையும் ஏமாத்த மாட்டா" என்றார். இரக்கம் என்ற ஒன்று அவர் அகராதியிலேயே இல்லை.

இதே மனுஷன் என்னிடமும் ஒருநாள் இப்படி நடந்துகொண்டார். எங்கள் அப்பாவின் நிலத்தில் அக்காவுக்கும் பங்கு உண்டு. அவள் அதை எனக்கு விட்டுக்கொடுப்பதாக விடுதலைப் பத்திரம் எழுதியது நானேதான். அக்காவிடம் வீட்டு மனைக்கு மட்டும் என்று சொல்லியிருந்தேன். ஏரிக்குக் கீழே இருந்த நஞ்சையையும் அடியில் சேர்த்துவிட்டேன். மல்லிகாக்கா படிக்கவில்லை. தம்பி எழுதியதை யார் படிப்பார்கள்? சாட்சிக் கையெழுத்துக்கு ஏகாம்பரத்திடம் நீட்டினேன். முழுவதும் படித்துவிட்டு, "அக்காவுக்குப் படிச்சுக் காட்டினியா?" என்றார். நான் பேனாவைத் திறந்து நீட்டினேன். "படிச்சுக் காட்டாத பத்திரத்துல நான் சாட்சி போட மாட்டேன் தாமு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். டீக்கடையிலிருந்து வேறு ஒரு ஆளைப் பிடித்து வந்தேன். அக்காவுக்கு விஷயம் தெரிய ஒரு வருஷம் ஆனது. அதற்குப் பிறகு அவள் என்னிடம் பேசவில்லை.

ஐந்து வருஷத்துக்கு முன்னால், ஒரு நாள் காலை பத்து மணிக்கு அக்கா வீட்டுக்காரர் திருவண்ணாமலை ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தார். "அவளுக்கு இனிமே ஒண்ணும் இல்லன்னுட்டாங்கப்பா. கண்ணு முழிச்சி உன்னத்தான் கேக்கறா. உங்கிட்ட ஒண்ணு சொல்லணுமாம். சீக்கிரம் வா." டாக்ஸி சொல்லப் போனேன். ஏகாம்பரம்தான், "அவன் போகவர ரெண்டுக்கும் காசு கேப்பான். காஞ்சிபுரம் ரோட்ல கார் எடுத்துக்கலாம், நீயே ஓட்டு. அங்க வரைக்கும் நான் வரேன், தனியாப் போனா உன் தலையில மொளகா அரைச்சிடுவானுங்கோ" என்றார்.

அடுத்து நடந்ததை இதுவரை எல்லோரிடமும் சொன்னபடியே முதலில் சொல்லிவிடுகிறேன். அக்கா சாகக் கிடக்கிறாள். இந்த ஆள் அங்கே போய் டிக்கெல்லாம் எடுத்துவிடுகிறார். வீடியோ எடுக்கிறார். கிழக்கே கீறல், மேற்கே நசுங்கல் என்கிறார். கார்க்காரரோடு சண்டை பிடிக்கிறார். என் போன் அடித்துக்கொண்டே இருக்கிறது. நாற்பது நிமிடம் கழித்துத்தான் கார் கிளம்பியது. வந்தவாசி வழியாகப் பறந்தேன். ஆஸ்பத்திரிப் படியில் கால் வைக்கும்போது அக்கா வீட்டுக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அரை மணி ஆச்சுப்பா. கடைசி வரைக்கும் வாசலையே பாத்துகினு இருந்தா. இன்னா விஷயம், எங்கிட்ட சொல்லுடின்னேன். அவன்கிட்டதான் சொல்லணும்னா" என்றார். என்ன சொல்ல இருந்தாள் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. திட்டுவதற்காக இருக்கலாம், மன்னிப்பதற்காகவும் இருக்கலாம். அதை நினைத்து நான் தூங்காமல் கிடந்த நாட்களை எண்ண முடியாது.

இறுதிச்சடங்கு முடிந்து ஒருநாள் தாமதமாகக் காரைத் திருப்பி விட்டேன். கார்க்காரர் தாமதக் கட்டணம் கேட்டார். ஏகாம்பரம் விடவில்லை. "சாவு வூட்டுக்குப் போயிட்டு வராருய்யா" என்றார். "எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க" என்றார் அவர். ஏகாம்பரம் என் பக்கம் திரும்பி, "அக்கா மாலையோட இருக்கற போட்டோ வெச்சிருக்கியா? அனுப்பு" என்றார். நான் அனுப்பினேன். அக்காவின் மூடிய கண்களைப் பார்த்த கார்க்காரர் சங்கடப்பட்டுக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்தார். செத்தவளைக் காட்டிக் காசு மிச்சம் பிடித்த கூட்டாளிகள் நாங்கள். அன்று சாயங்காலம் இருவரும் டீ குடித்தோம்.

அதற்குப் பிறகுதான் என் வேலையை ஆரம்பித்தேன். ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில், டீக்கடையில், கல்யாணப் பந்தியில், எங்கே யார் கிடைத்தாலும் சொன்னேன். "ஐந்நூறு ரூபாய்க்காக என் அக்கா முகத்தைப் பார்க்க விடாமல் செய்த பாவி." கேட்டவர்கள் உச்சுக் கொட்டினார்கள். நீங்களும் கொட்டினீர்கள். மெல்ல மெல்ல அவரைக் கார் எடுக்கக் கூப்பிடுவது நின்றது. பத்திரத்துக்கு வருகிறவர்களும் குறைந்தார்கள். என் பேச்சு அவர் காதுக்குப் போகாமல் இருந்திருக்காது, அடுத்த மேஜைதானே. காலையில் வந்தால் "இன்னா தாமு, நாஷ்டா ஆச்சா?" என்று வழக்கம்போலக் கேட்பார். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

செய்தி வந்த அன்று ஊர் வாய்க்குப் பயந்துதான் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மகன் பிரபு சென்னையில் வேலை பார்க்கிறவன். வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்தான். அவனே பேசினான். "பன்னெண்டு மணிக்கு அம்மா போன் பண்ணாங்க அங்கிள். வாடகைக் கார் ஒண்ணு புக் பண்ணேன். எல்லா டிக்கும் அப்படியே இருந்துச்சு. படிக்கவே இல்ல, பணத்தக் கட்டிட்டு வண்டிய எடுத்துட்டேன். அப்பாவுக்கு நெனவு இருந்துச்சு. பக்கத்துல உக்காந்து கையப் புடிச்சேன். 'எதுல வந்தே'ன்னாரு. 'வாடகைக் கார்லப்பா.' 'டிக்கெல்லாம் எடுத்து வுட்டியா?' 'எடுத்துட்டேம்பா.' 'சுத்தி வந்து வீடியோ எடுத்தியா?' 'எடுத்தேம்பா'ன்னு பொய் சொன்னேன். சிரிச்சாரு அங்கிள். 'கெட்டிக்காரன்டா'ன்னாரு. கொஞ்ச நேரத்துல மூச்சு நின்னுபோச்சு."

சொல்லிவிட்டு அழுதான். அவன் தோளைத் தொட எனக்குக் கை எழவில்லை. "அப்பா உங்களத்தான் ரெண்டு மூணு தடவ கேட்டாரு அங்கிள். தாமு வந்தானா, தாமு வந்தானான்னு" என்றான்.

இப்போது சரியாகச் சொல்கிறேன். அன்று கார் எடுத்த இடத்தில் ஏகாம்பரம் பத்தே நிமிடத்தில் முடித்துவிட்டார். மற்றவர்களுக்கு எடுக்கும் நேரத்தில் கால்வாசிகூட இல்லை. "போதும், நீ கெளம்பு. மீதிய நான் பேசிக்கறேன்" என்று சாவியை என் கையில் வைத்தார். நான் ஏறவில்லை. குனிந்து, "பம்பருக்கு அடியில ஒரு விரிசல் கீது பாரு" என்றேன். "இருக்கட்டும் தாமு, போ" என்றார். நான் மண்ணில் படுத்துக் காருக்கு அடியில் தலையை விட்டேன். அது புதுசா பழசா என்று கார்க்காரரோடு சண்டை பிடித்தவன் நான். டயரில் தேய்மானம் என்றவன் நான். போனை எடுக்காதவன் நான். ஏகாம்பரம் இரண்டு முறை என் கையைப் பிடித்து இழுத்தார். அந்தக் காரில் ஏறிவிட்டால் அக்காவிடம் போய்ச் சேர்ந்துவிடுவேன் என்று எனக்குப் பயம். அவள் முகத்தை எப்படிப் பார்ப்பது? முப்பது நிமிடம் நான் அந்தக் காரைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

இது அவருக்குத் தெரியும். ஐந்து வருஷம் நான் ஊரெல்லாம் அவரைப் பாவி என்றபோது, "அன்னிக்கு காருக்கு அடியில படுத்துகினு இருந்தவன் நீதான்டா" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவே இல்லை. அக்காவை இழந்தவனை எதற்கு நோகடிப்பது என்று விட்டிருப்பார். வேறு காரணம் இருந்ததா என்று கேட்கப் போயிருக்க வேண்டும். அவர் என்னைக் கேட்டுக்கொண்டு கிடந்தபோது நான் போகவில்லை. அக்கா கூப்பிட்டபோதும் இப்படித்தான் செய்தேன்.

ஏகாம்பரத்திடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த நாற்பது நிமிடம்தான். அவர் உயிரோடு இருந்தவரை முழுவதையும் அவர் தலையில் போட்டுவிட்டு நிம்மதியாகச் சாப்பிட்டேன். இனி போட ஒரு தலை இல்லை.