பல்பொடியில் தேய்த்த வெள்ளிக்காசு

ஆண்டிபட்டியில் பழங்காசு பார்க்கத் தெரிந்தவன் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. அதை நம்பித்தான் பக்கத்துத் தெருவில் தறி போட்டிருக்கும் முருகாயி அக்கா, மாமனார் பெட்டியில் கிடந்த ஆஸ்திரிய வெள்ளிக்காசைக் கொண்டுவந்தார். அதை விற்றுத்தான் தறியைச் சரிசெய்ய வேண்டும் என்றார்.

காசு கறுத்திருந்தது. தேய்மானம் தெரியவேண்டுமே என்று நானே பல்பொடி போட்டுப் பளபளவென்று தேய்த்தேன். காசில் பொறித்திருந்த ராணியின் முகம் தெளிவாகத் தெரிந்தது. “நல்ல வெலைக்குப் போகும்க்கா” என்றேன்.

மறுநாள் இருவரும் மதுரையில் ஒரு நாணய வியாபாரியிடம் போனோம். லென்ஸ் வைத்துப் பார்த்தவர் முகம் சுளித்தார்.

“கைமாறிப் பொழங்கித் தேயாத காசு. அந்தக் கறுப்போட விட்டிருந்தா நல்ல வெல கெடைச்சிருக்கும். இப்ப பூராம் கீறல். வெள்ளி எடைக்குத்தான் போகும். யாரு தேச்சது?”

நான் வாய் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டார். “நாந்தேன். அழுக்குன்னு நெனச்சுட்டேன். இந்தத் தம்பி வேணாம்னுதேன் சொன்னுச்சு.”

“உங்களுக்காவது தெரிஞ்சிருக்கே” என்று வியாபாரி என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

திரும்பும் பஸ்ஸில் மன்னிப்புக் கேட்டேன். “விடு தம்பி, ஒன்னைய நம்பி நாலு பேரு வாராக” என்றார் அக்கா.

காசைக் கெடுத்ததை அவர் மன்னித்துவிட்டார். ஆனால் அன்று அந்தக் கடையில் தலையாட்டியதை நினைத்தால் எனக்கு இன்றும் கூசுகிறது.