மிதித்த மண்

எங்கள் சந்தின் கடைசியில் மழைத்தோட்டம் போட்டபோது நானும் வேலைக்குப் போனேன். தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், தோட்டை ஒட்டிய சந்து. இங்கே மலையாளத்தில் வாய்க்காலைத் தோடு என்றுதான் சொல்வோம். மழை கனத்தால் அது ஏறி முதலில் எங்கள் வீட்டுக்குள் வரும். வீட்டில் நானும் அக்காவும்தான். இடுப்பெலும்பு முறிந்து அக்கா படுக்கையில் கிடக்கிறாள். அவளைத் தூக்க என் ஒருத்தியால் ஏலாது.

மழைத்தோட்டம் என்றால் இடுப்பளவு ஆழத்துக்குக் குழி. அடியில் சல்லி, மேலே மணலும் இலைமக்கும் கலந்த மண், அதில் செடி. கூரைத் தண்ணீரும் ரோட்டுத் தண்ணீரும் அதில் விழுந்து மெல்ல நிலத்துக்குள் இறங்கிவிடும், தோட்டுக்கு ஓடாது என்று எஞ்சினியர் பெண் சொன்னாள். மலையாளத்துப் பிள்ளை, சின்ன வயசு.

குழியில் பாதி மண் நிரப்பியிருந்தபோது அக்காவைப் பார்க்க வீட்டுக்குப் போய்விட்டு வந்தேன். எல்லோரும் சாயா குடிக்கப் போயிருந்தார்கள். மண் பொலபொலவென்று கிடந்தது. முப்பது வருஷம் சித்தாள் வேலை பார்த்தவள் நான். வீட்டுத் தரைக்கு மண் நிரப்பினால் மிதித்து இறுக்க வேண்டும், இல்லாவிட்டால் மேஸ்திரி ஏசுவார். தளர்ந்த மண்ணைக் கண்டால் என் கால் சும்மா இருக்காது. குழிக்குள் இறங்கி ஓரத்திலிருந்து ஓரம் வரை குதிகாலால் நெருக்கி மிதித்தேன். தண்ணீர் தெளித்து இன்னொரு முறையும் மிதித்தேன்.

மீதி மண்ணை அதன்மேல் போட்ட பிறகுதான் அந்தப் பெண் எல்லோரிடமும் சொன்னாள். “காலைல சொன்னதுதான். ஆரும் மண்ணு சவிட்டருது, கேட்டோ. மிதிச்சா தண்ணி இறங்காது.”

காலையில் அவள் சொன்னபோதும் நான் வீட்டில்தான் இருந்திருக்கிறேன். இப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. செடியை எடுத்துக் கொடுத்துக்கொண்டு நின்றேன்.

சின்ன மழைகளுக்குக் குழி தண்ணீரைக் குடித்தது. சந்துக்காரர்களுக்குச் சந்தோஷம். பிறகு ஒரு மத்தியானம், ஒரு வாரத்து மழை ஒன்றாகக் கொட்டியது. சோறு வடிப்பதற்குள் குழி நிரம்பி வழிந்தது. தோடும் ஏறியது. கட்டில் சட்டம் வரை தண்ணீர் வந்தபோது அக்கா சொன்னாள், “ஏட்டி, காதுல ஒரு தோடு போட்டதில்ல நான். இப்ப தோடே வீடு தேடி வந்துட்டு பாரு.” பக்கத்து லாட்ஜ்காரர்கள் வந்து அவளைப் பெட்ஷீட்டோடு தூக்கிப் போனார்கள். தண்ணீர் வடிந்த பிறகு திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள்.

படுத்த படுக்கையானவர்களைப் பார்த்துக்கொள்ளும் இல்லம் ஒன்று உண்டு, அங்கே சேர்த்துவிடு என்று எல்லோரும் சொன்னார்கள். நடக்கிறவர்களை அங்கே எடுக்க மாட்டார்கள். நான் கூட இருக்க முடியாது. அக்கா ஒரேயடியாக மறுத்தாள். “அந்தக் குழிய சரியாக்குனா தண்ணி வராதுல்லா. நான் எதுக்குப் போகணும்?”

குழியைச் சோதிக்க எஞ்சினியர் பெண் தனியாக வந்தாள். அன்றுதான் போய் நின்றேன்.

“மக்கா, நான் மிதிச்சுட்டேன்.”

“எந்தா அம்மே?”

“மண்ண. நீ சொல்லுததுக்கு முன்னாலயே இறுக்கி மிதிச்சுட்டேன். அதான் தண்ணி வந்துட்டு. நானே தோண்டி மாத்திப் போடுதேன். கூலி வேண்டாம்.”

அவள் ஒரு கம்பியை மண்ணில் குத்தினாள். பாதியில் நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கோபமில்லை.

“சாரமில்ல, பரவால்ல, மாத்தலாம். ஆனா அம்மே, மிதிக்காம இருந்தாலும் வந்திருக்கும். கொஞ்சம் லேட்டா வந்திருக்கும், அத்ரதான்.”

“ஏன் மக்கா?”

“பழைய வருஷத்து மழைய வச்சுப் போட்ட அளவு இது. இப்ப வர்றது அந்த மழையில்ல.”

“இனிமே வர்றதுக்கு?”

“கம்ப்யூட்டர்ல பல மாதிரி போட்டுப் பாக்குறோம். ஒண்ணுலயும் மழை சின்னதா வரல.”

“அப்ப பெருசாத் தோண்டுவோம்.”

அவள் இந்தப் பக்கம் என் வீட்டுச் சுவரைப் பார்த்தாள். அந்தப் பக்கம் தோட்டுச் சுவரைப் பார்த்தாள். “இடம் எவிடே அம்மே?” என்றாள்.

இத்தனை நாள் என் தப்பு என்று நினைத்து அழுதிருக்கிறேன். என் தப்பாகவே இருந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். சரிசெய்ய ஒரு மண்வெட்டி போதுமாயிருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா கேட்டாள். “என்ன சொன்னா?”

“மண்ண மாத்தலாம்னு சொன்னா.”

“அப்ப நான் எங்கயும் போக வேண்டாம்.”

“ம்” என்றேன்.

அடுத்த வாரம் அந்த இல்லத்துக்குப் போய், ஒரு கட்டில் வேண்டும் என்று அக்கா பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். அவளிடம் இன்னும் சொல்லவில்லை.