கோர்ட்டுச் சுவருக்கு வெல்லம்

கோர்ட்டுக்குள் நுழையும் முன் சென்னம்மாள் சுவரைப் புறங்கையால் தட்டிப் பார்க்கிறார், சந்தையில் பூசணிக்காயைத் தட்டுவதுபோல. உதட்டைப் பிதுக்குகிறார். பிறகுதான் அவருடைய வக்கீலின் குமாஸ்தாவான என்னிடம் வருகிறார்.

"ஏஞ் சாமி, இந்தச் செவுத்துக்கு என்ன கேடு? கல்லாட்டம் நிக்குது. இதுக்குப் போயி வைத்தியமா?"

வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம். இடிக்காமல் பழையபடியே காப்பாற்ற அரசாங்கம் பணம் ஒதுக்கியிருக்கிறது. சிமெண்டு ஆகாதாம், சுண்ணாம்பில் கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்துத்தான் பூச வேண்டுமாம். வெல்லம் சாக்குச் சாக்காக வந்து இறங்கிய அன்று சென்னம்மாள் கொத்தனார் காத்தானிடம் சண்டைக்கே போய்விட்டார்.

"எம் பேத்திக்குக் காப்பியில போட ஒரு துண்டு இல்லீங்க. இங்க செவுரு குடிக்குதா?"

"பொறாமப்படாத ஆத்தா. கோர்ட்டு என்ன உன்ற சக்களத்தியா?"

"சக்களத்தின்னா மயிரப் புடிச்சுத் தொரத்திருவனே!"

எருமப்பட்டியில் அவர் வீட்டின் மேற்குச் சுவர் கை நுழையுமளவு பிளந்திருக்கிறது. பாகம் கேட்டுக் கொழுந்தன் சுப்பையன் போட்ட வழக்கில், தீர்ப்பு வரும்வரை வீடு இருக்கிற நிலையிலேயே இருக்க வேண்டும் என்று இதே கோர்ட்டு உத்தரவிட்டிருக்கிறது. ஒரு கரண்டி மண் அப்பினாலும் உத்தரவை மீறியதாகும். ஐப்பசி மழைக்கு அந்தச் சுவர் தாங்காது. அதற்குள் பூசிக்கொள்ள அனுமதி கேட்டு மனுப் போட்டிருந்தோம்.

மனு விசாரணைக்கு வந்த நாளில் கோர்ட்டுக் கூடத்தின் கூரையைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். கட்டட வேலை முடிந்ததும் விசாரிக்கலாம் என்று முன்சீப் தள்ளிவைத்துவிட்டார். அதைச் சொல்ல அவரிடம் போனேன். சென்னம்மாள் என் முகத்திலேயே படித்துக்கொண்டார்.

"அதுக்கு மொதல்ல, எனக்குப் பொறவு. அப்படித்தானுங்க?"

அழவில்லை. புதுப் பூச்சின் ஈரத்தில் மினுங்கிய தூணை, இளையவள் கட்டிய சேலையை மூத்தவள் பார்ப்பதுபோலக் கரையிலிருந்து கரைவரை பார்த்தார். காத்தான் பீடி பற்றவைக்கத் திரும்பினார். சென்னம்மாளின் கை சாந்துச் சட்டிக்குள் போய் வந்தது.

நான் பார்த்தும் பார்க்காததுபோல அவரை எருமப்பட்டி பஸ்ஸில் ஏற்றிவிட்டு ஜன்னலோரம் நின்றேன். கண்டக்டர் வந்தார். சென்னம்மாள் இடது கையால் சில்லறையை நீட்டினார்.

"ஏனுங்கம்மா, பீச்சாங்கையில குடுக்கறீங்க?"

மடியில் வலது கை இறுக மூடியிருந்தது. விரலிடுக்கில் வெள்ளையாகக் கசிந்ததன்மேல் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டார்.