மைனஸ் பதினாலு பெட்டி

ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனி குடோனில் நான் சூப்பர்வைசர். எனக்குக் கீழே இரண்டு கிளார்க்குகள். ஸ்டாக் பார்ப்பவர் ஒரு பாய். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், ஆனாலும் என்னை மேடம் என்றுதான் கூப்பிடுவார். ஏற்றுமதிக் காகிதங்களைப் பார்ப்பவள் மாதனூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வரும் பெண். எம்.சி.ஏ. படித்தவள். எனக்கு வரும் இங்கிலீஷ் மெயிலில் பாதிக்கு அவள்தான் அர்த்தம் சொல்வாள்.

சென்னை ஹெட் ஆபீஸ் எங்களுக்குப் புது சாஃப்ட்வேர் கொடுத்தது. பெட்டியில் ஒட்டிய பார்கோடை ஸ்கேன் பண்ணினால் ஸ்டாக் தானாக ஏறும், இறங்கும். மூன்றாவது வாரமே பிரவுன் கலர், நாற்பத்தொண்ணு சைஸுக்கு நேரே 'மைனஸ் பதினாலு' என்று காட்டியது.

"இன்னா மேடம் இது? பெட்டி இல்லன்னா சைபர்னு போடணும். இல்லாததுக்கும் கம்மியா எப்டி இருக்கும்?" என்றார் பாய்.

அந்தப் பெண் பத்து நிமிஷத்தில் கண்டுபிடித்துவிட்டாள். கன்டெய்னர் ஏற்றிய அன்றைக்கு நடுவில் கரன்ட் போய் வந்தது. அந்தக் குழப்பத்தில் பதினாலு பெட்டிகளை இரண்டு தடவை ஸ்கேன் பண்ணியிருக்கிறோம். இதை அப்படியே மெயிலில் எழுதினேன். பதில் வந்தது: 'காரணம் பிறகு. மைனஸ் ஸ்டாக் எந்த ரேக்கில் உள்ளது என்று நேரில் பார்த்து, போட்டோவுடன் தெரிவிக்கவும்.'

போன் பண்ணினேன். ஹெட் ஆபீஸ் சார் பொறுமையாகத்தான் பேசினார்.

"சார், மைனஸ்னா அங்க சரக்கு இல்ல சார்."

"இல்லன்னு எனக்கும் தெரியுதும்மா. எங்க இல்லன்னுதான் கேக்குறேன்."

"எங்கயுமே இல்ல சார்."

"அப்படிப் பொதுவா சொன்னா ஆடிட்டர் ஒத்துக்க மாட்டார். லொகேஷன் வேணும்."

இரண்டு நாளில் மூன்று நினைவூட்டல்கள். மூன்றாவது நினைவூட்டலின் நகல் முதலாளிக்கும் போயிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொரு ரேக்காகக் குனிந்து தேடினேன். நிமிர்ந்தால் பாய் டிபன் பாக்ஸோடு நிற்கிறார்.

"கெடச்சா சொல்லுங்க மேடம். நானும் வந்து பாக்குறேன்."

சிரித்துவிட்டேன், ஆனால் கண்ணில் தண்ணீர் முட்டியது. இந்த வேலைக்கு வர எவ்வளவு கஷ்டப்பட்டேன்!

அன்று மத்தியானம் அந்தப் பெண்தான் வழி சொன்னாள். "அக்கா, அவங்களுக்கு ஒரு எடம் வேணும். குடுத்துருவோம்."

எந்த ரேக்கிலும் காலித் தட்டு ஒன்றும் இல்லை. பாய் முணுமுணுத்துக்கொண்டே ஒரு தட்டிலிருந்த கறுப்பு ஷூ பெட்டிகளை எல்லாம் இறக்கினார். "இல்லாத பெட்டிய வைக்க, இருக்குற பெட்டிய எறக்கணுமாம். பேஜாரு!" வெறுந்தட்டைப் படம் எடுத்து அனுப்பினோம். 'படத்தில் எண்ணிக்கை தெளிவாக இல்லை' என்று திருப்பி அனுப்பினார்கள். அவள் சாக்பீஸ் எடுத்துத் தட்டில் பதினாலு கட்டம் போட்டு, ஒன்றிலிருந்து பதினாலு வரை நம்பரும் எழுதினாள். மறுபடி படம் போனது. அரை மணியில் பதில்: 'நன்றி. சரிபார்க்கப்பட்டது.'

அடுத்த வாரம் அந்த சார் நேரிலேயே வந்தார். கட்டங்களை விரலால் எண்ணினார். கையெழுத்துப் போட்டார். "இந்த எடத்துல வேற எதையும் வச்சிராதீங்க, மிக்ஸ் ஆயிடும்" என்று சொல்லிவிட்டுப் போனார். இறக்கிய கறுப்பு ஷூ பெட்டிகள் இன்னும் நடைபாதையில்தான் இருக்கின்றன. பாய் அதில் இரண்டு தடவை இடித்துக்கொண்டார்.

மாதாந்திர மீட்டிங்கில் என்னை எழுப்பி நிற்கவைத்துக் கைதட்டினார்கள். யோசனை என் கிளார்க்கோடது என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை. அது இன்னும் உறுத்துகிறது. டீ குடிக்கும்போது வேறொரு யூனிட் சூப்பர்வைசர் பக்கத்தில் வந்து நின்றார். வயதானவர், ரொம்பக் கவலையில் இருந்தார்.

"எனக்கு மைனஸ் முப்பதும்மா. எங்க குடோன்ல சுத்தமா எடமில்ல. உங்க தட்டுல கொஞ்சம் வச்சிக்க முடியுமா?"

கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.