பம்பரில் மாட்டிய சிவப்புக் கொக்கி

கொக்கி மாட்டப் போன அன்றைக்கே அந்த ஃபிட்டர் படித்துப் படித்துச் சொன்னார். கேட்டேனா? கேட்டிருந்தால் இதையெல்லாம் எழுத வேண்டிய கேடே வந்திருக்காது.

பாலக்கரைப் பக்கம் ஒரு கார் அலங்காரக் கடை. "சார், அடியில இருக்குற இரும்புச் சட்டம், அந்த சேசிஸோட சேர்த்துப் பிடிச்சாத்தான் கொக்கி இழுக்கும். பம்பரைக் கழட்டி, பட்டை வச்சு வெல்டு பண்ணணும், ரெண்டு நாள் ஆகும். இப்பவே வேணும்னா பம்பர்லயே போல்ட் போட்டுத் தரேன். ஆனா அது சும்மா அழகுக்குத்தான்" என்றார்.

"அழகுக்குப் போதும்" என்றேன். மறுநாள் காலையில் ஜீயபுரத்தில் அண்ணன் மகளுக்கு நிச்சயதார்த்தம். ஆறு வருஷமாக என்னோடு பேசாத அண்ணன், ஆள் விட்டு அழைத்திருந்தார். அப்பா விட்டுப்போன வாழைத்தோட்டத்தில் என் பாதியை பிளாட் போடுகிறவனுக்கு விற்றுவிட்டு, ஸ்ரீரங்கத்தில் அபார்ட்மெண்டும் ஏழு பேர் உட்காரும் இந்தப் பெரிய வண்டியும் வாங்கியவன் நான். அண்ணன் என் முகத்தில் விழிக்காததில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் அந்த ஊருக்குள் சாதாரணமாகப் போய் இறங்க எனக்கு மனசு வரவில்லை. முன்பக்கம் சிவப்புப் பெயிண்ட் அடித்த இரண்டு கொக்கி, கீழே இரண்டு மஞ்சள் ஃபாக் லைட்.

"நம்ம ஊருல எங்க சார் பனி? மார்கழியிலயே ஃபேன் போட்டுத் தூங்குறோம்" என்று ஃபிட்டர் சிரித்தார். எனக்குச் சுள்ளென்று வந்தது. "மாட்டுங்கன்னா மாட்டுங்களேன்!"

பந்தா பலித்தது. அதுதான் வினை. நிச்சயதார்த்தத்தில் அண்ணன் என் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். குனிந்து கொக்கியை ஆட்டிப் பார்த்தார். "கெட்டியா இருக்கும் போல?" என்றார். ஆறு வருஷத்துக்கு அப்புறம் என்னிடம் பேசிய முதல் பேச்சு. அந்த நேரத்தில் உண்மையைச் சொல்ல எவனுக்கு வாய் வரும்? "லாரியையே இழுக்கும்ணே!" என்றேன். அவர் என் தோளில் தட்டினார். பந்தியில் தன் கையாலேயே எனக்குப் பாயசம் ஊற்றினார். திரும்பும்போது வழியெல்லாம் அழுதுகொண்டே ஓட்டினேன். அண்ணன் கிடைத்துவிட்டார் என்று நினைத்தேன்.

ஐப்பசியில் ஒரு மத்தியானம் அவரே போன் பண்ணினார். "டேய், நம்ம லோடு வண்டி, அந்தக் குட்டியானை, ஆத்துப் படுகைச் சேத்துல மாட்டிக்கிச்சு. முழுக்க வாழைத்தார் ஏத்தியாச்சு. முக்கொம்புல தண்ணி திறந்துட்டாங்களாம், ஏறிக்கிட்டே வருது. உடனே வா." பக்கத்துத் தோட்டத்துக்காரர் டிராக்டர் கொண்டுவருகிறேன் என்றாராம். 'என் தம்பி வண்டி இருக்கு' என்று சொல்லி அண்ணன் அவரை அனுப்பிவிட்டாராம். அதைச் சொல்லும்போது அவர் குரலில் அத்தனை பெருமை.

அப்போதே சொல்லியிருக்கலாம். போய் இறங்கியதும் சொல்லியிருக்கலாம். 'அண்ணே, இது அழகுக்கு மாட்டினது, டிராக்டரையே கூப்பிடுங்க.' இவ்வளவுதான். சொன்னால் பாயசம் ஊற்றிய கை போய்விடுமே என்று பயம். ஒருவேளை தாங்கிவிடும் என்று ஒரு நப்பாசை.

மழை தூறிக்கொண்டிருந்தது. ஃபாக் லைட்டைப் போட்டேன். அந்த நேரத்திலும் அந்தப் பந்தா ஆசை விடவில்லை, சீ! கயிற்றின் ஒரு முனையை லோடு வண்டியிலும் மறுமுனையை என் வலதுபக்கக் கொக்கியிலும் அண்ணனே கட்டினார். ரிவர்ஸில் எடுக்கச் சொல்லிக் கை காட்டிவிட்டு, லோடு வண்டியின் முன்கதவோரமாகத் தோள் கொடுத்து நின்றார். மெதுவாகத்தான் எடுத்தேன். கயிறு விறைத்தது. குட்டியானை அசைந்தது. "வருது, வருது! விடாதே!" என்று கத்தினார். மிதித்தேன்.

பிய்ந்த சத்தம்தான் கேட்டது. கொக்கி பறந்ததை நான் பார்க்கவில்லை. அண்ணன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு சேற்றில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கொக்கி கிடந்தது, அதன் போல்ட்டில் பம்பரின் ஒரு துண்டு. அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"பிளாஸ்டிக்லயாடா மாட்டின?"

அதற்கப்புறம் அவர் என்னோடு பேசவே இல்லை. என் வண்டியில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். வழி முழுக்க பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். லோடு வண்டியும் தாரும் தண்ணீரில் போயின. முழங்கால் சில்லு நொறுங்கிவிட்டது, இனிமேல் கால் மடங்காது என்றார்கள். தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டாயிற்று. தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். என் வினை என் அண்ணனை அல்லவா சுட்டது!

அவர் யாரிடமும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. குட்டியானை சறுக்கி இடித்துவிட்டது என்றே அண்ணியிடம் சொல்லியிருக்கிறார். திட்டியிருந்தால்கூடக் காலில் விழுந்திருப்பேன்.

போன வாரம் பார்க்கப் போயிருந்தேன். கிளம்பும்போது அண்ணி எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோர்த்த கயிற்றோடு வாசலுக்கு வந்தார். "அன்னைக்கு உங்க வண்டி மட்டும் இல்லேன்னா இவரை யாரு தம்பி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருப்பா? கண்ணு படக் கூடாது" என்று, மிச்சமிருந்த இடதுபக்கக் கொக்கியில் அதைக் கட்டினார். கட்டிவிட்டு ஆட்டிப் பார்த்தார்.

"இது கெட்டியா இருக்கா தம்பி?"

ஜன்னலுக்கு உள்ளே கட்டிலில் இருந்த அண்ணன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"கெட்டிதான் அண்ணி" என்றேன்.