தாமதமாக வந்தவர்கள் நிற்கும் இடம்

முப்பது வருஷம் டீச்சர் வேலை பார்த்ததில் எனக்குக் கிடைத்த ஞானம் கொஞ்சம்தான். காலையில் சாப்பிடாமல் வகுப்புக்குள் போகக் கூடாது. பசி நமக்கு, அடி பிள்ளைகளுக்கு என்றாகிவிடும். இதை நானாகவே கண்டுகொண்டேன். இன்னொன்றைச் சொல்லிக் கொடுத்தது ஒரு நாலாம் வகுப்புப் பெண்.

எழுபதுகளில், சித்தூரிலிருந்து திருப்பதி பஸ் ஏறிப் போய், வழியில் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தேன். அப்போதெல்லாம் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். தாமதமாக வந்தால் முதல் பாடம் முடியும்வரை கதவுக்கு வெளியே நிற்க வேண்டும் என்று சட்டம் போட்டிருந்தேன். அந்தப் பெண் மாசி மாதம் முழுக்க வெளியேதான் நின்றாள். ஒருநாள் பொறுமை போய், "நாளைக்கும் லேட்டுன்னா வரவே வேணாம்" என்று கத்திவிட்டேன்.

மறுநாள் அவள் வரவில்லை. நாலு நாள் வரவில்லை. அந்தப் பக்கம் படிப்பு நின்றுபோன பெண்பிள்ளை திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.

ஐந்தாம் நாள் தேடிக்கொண்டு போனேன். வெல்லம் காய்ச்சும் கொட்டகையில், அடுப்புக்குள் கரும்புச் சக்கையைத் தள்ளிக்கொண்டிருந்தாள். கரும்பு வெட்டுக் காலம் முழுக்க விடியற்காலையில் அவளுக்கு அதுதான் வேலை. அதை முடித்துவிட்டுத்தான் தினமும் பள்ளிக்கு ஓடி வந்திருக்கிறாள். எனக்கு அவமானமாகப் போய்விட்டது.

"நீங்கதான டீச்சரம்மா வரவேணாம்னீங்க?" என்றார் அவள் அப்பா. "சரி, வேலைக்கு ஆவும்னு உட்டுட்டோம்."

"தப்பு என்னுதுதாங்க. லேட்டானாலும் பரவால்ல, அனுப்புங்க."

"நைனா, அடுப்பப் பாத்துட்டே போறேன்" என்றாள் அவள்.

"பாக்கலாம்" என்றார் அவர். ஓர் இலையில் சூடான வெல்லத்தை வைத்து, "துன்னுட்டுப் போங்க" என்று நீட்டினார். வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.

மறுநாள் பார்த்து பஸ் பஞ்சர். நான் போய்ச் சேரும்போது முதல் பாடம் பாதி முடிந்திருந்தது. உள்ளே தலைமையாசிரியர் என் வகுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். கதவுக்கு வெளியே அவள் நின்றிருந்தாள். என் சட்டத்தை ரத்து செய்ய நான் மறந்திருந்தேன்.

வந்துவிட்டாளே என்று கண் நிறைந்துவிட்டது. உள்ளே போக எனக்கு உரிமையேது, நானும் லேட்டுதானே? அவள் பக்கத்தில் போய் நின்றேன்.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு நகர்ந்து, தான் நின்ற இடத்தை எனக்கு விட்டாள்.

"இங்க நின்னுக்கோங்க டீச்சர். பெல்லு அடிக்கிற வரைக்கும் இங்க வெயில் வராது."