எண்ணெய்க் காலும் ஏட்டையாவின் ஷூவும்

தென்காசியிலிருந்து குற்றாலத்துக்கு அதிகாலையில் நடந்து செல்லும் எங்கள் குழுவில் முன்னால் நடப்பவன் நானாகவே இருந்தேன். பொருளியலில் முதுகலை படித்தவன்; கோயிலில் பரிவட்டம் கட்டப்படும் குடும்பத்தைச் சேர்ந்தவன். அந்த முதலிடத்தை எனக்கு யாரும் தரவில்லை. அது என்னுடையதாகவே இருந்தது.

சென்ற ஆண்டு, படுக்கையிலிருந்து எழுந்து வைக்கும் முதல் அடியிலேயே வலது குதிகாலில் ஆணி ஏறுவதுபோல் வலிக்கத் தொடங்கியது. பிறர் அறியாதிருக்கப் பாதத்தைச் சாய்த்து நடந்தேன். அதன் பயனாக முழங்கால் வலித்தது, பிறகு இடுப்பும்.

இதே வலியோடு எனக்குப் பின்னால் நொண்டிக்கொண்டு வந்தவர், போலீஸில் இருந்து ஓய்வுபெற்ற ஏட்டையா. என்னைவிட எட்டு வயது இளையவர். ஒரு நாள் அவர் என்னைக் கடந்து போனார்.

"அவசரமில்ல அண்ணாச்சி. நாங்க முன்ன போயி டீ சொல்லி வைக்கோம்."

ஷூவுக்குள் இன்சோல் என்னும் மெத்தை அட்டை வைத்திருப்பதாக அவரே எல்லோரிடமும் சொன்னார். "உள்ளங்காலு வளைவத் தாங்கிப் பிடிக்குது. குதிங்காலு மெத்தையில இருக்காப்ல இருக்கு. நீங்களும் ஒண்ணு வாங்கிப் போடுங்களேன்."

அவரிடம் கடை விவரம் கேட்க எனக்கு மனம் வரவில்லை. அருவிக்கரையில் எண்ணெய் தேய்ப்பவரிடம் காலை நீட்டினேன்.

தேய்த்து முடிந்தபோது மற்றவர்கள் குளித்துக்கொண்டிருந்தார்கள். ஏட்டையாவின் ஷூ என் அருகில் கிடந்தது; அளவும் ஒன்றே. மாட்டிக்கொண்டு பத்தடி நடந்தேன். குதிகால் வலிக்கவில்லை. மகிழ்ந்திருக்க வேண்டும், மாறாக, இத்தனை நாளும் இந்த மனிதர் இவ்வளவு சுகமாகவா நடந்தார் என்று நெஞ்சு எரிந்தது. உடனே கழற்றி வைத்தேன். காலில் எண்ணெய் இருந்ததை மறந்துவிட்டேன்.

குளித்து வந்த ஏட்டையா ஷூவுக்குள் கைவிட்டு, இன்சோலை உருவி வெளிச்சத்தில் பிடித்தார்.

"இங்கன பாருங்கவே. அஞ்சு வெரலும் அப்படியே பதிஞ்சிருக்கு. கைரேகையே வேண்டாம்."

"அண்ணாச்சி ஒருத்தருதான இன்னைக்கு எண்ணெ தேச்சது," என்றார் உடன் வந்த ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். ஏட்டையா சிரிக்கவில்லை.

"ரொம்ப வலிக்கோ அண்ணாச்சி?" என்றார். மற்றவர்களின் சிரிப்பைக்கூடப் பொறுத்துக்கொண்டேன்; இந்தக் கேள்வியைப் பொறுக்க முடியவில்லை.

மறுநாளே திருநெல்வேலியில் ஒரு பிசியோதெரபிஸ்டைப் பார்த்தேன். என் பாதத்துக்கேற்ற இன்சோலை அவர் தேர்ந்து கொடுத்தார். ஷூவில் ஏற்கெனவே இருந்த அட்டையை எடுத்துவிட்டே இதை வைக்க வேண்டும், முதலில் நாளுக்கு ஒரு மணி நேரம் போதும், கெண்டைக்கால் பயிற்சியையும் விடக்கூடாது என்றார். சில வாரங்களில் குதிகால் வலி தணிந்தது. நேராக நடக்கத் தொடங்கியதும் முழங்காலும் இடுப்பும் தொந்தரவு செய்வதை நிறுத்தின.

இப்போது ஏட்டையாவும் நானும் இணையாக நடக்கிறோம். எனக்காக அவர் வேகத்தைக் குறைக்கிறாரோ என்ற ஐயம் இன்றும் என்னை அரிக்கிறது.

ஏட்டையாவின் ஷூவை நான் வீடுவரை போட்டுக்கொண்டு வந்தேன் என்று சிலர் சொல்லி வருவது தவறு. நடந்தது பத்தடி. கழற்றி வைத்ததும் நானே.